‘மிஸ், மறந்திட்டன்’: வகுப்பில் பிரசன்டேசன் செய்யும்போது வரும் கோளாறுகளும் கைவைத்தியமும்

கொழும்பில் தமிழ் மொழி மூல வகுப்புகளில் 17 வருடம் படிப்பித்தேன். இப்போது வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி பின்னேரங்களில் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியர் வழிகாட்டியில் ‘முன்வைப்பு’ என்று இருக்கும்; பிள்ளைகளின் வாயில் அது பிரசன்டேசன்தான். தவணைக்கு ஒரு முறையாவது ஒரு தாய் வந்து அதே முறைப்பாட்டைச் சொல்வார்: “வீட்டில நல்லாத்தான் சொன்னவன் மிஸ். வகுப்பில போய் நிண்டதும் ஒண்டும் வரேல்லையாம்.”

வீட்டில் நன்றாகச் சொன்னான் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அப்பாவோ ரியூசன் சேரோ, இந்தக் காலத்தில் சட்ஜிபிடியோ எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை இரவோடு இரவாகப் பாடமாக்கியிருக்கும். அம்மா கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பார். தடக்கிய இடத்தில் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்திருப்பார். வகுப்பில் அந்தக் கொப்பியும் இல்லை, அம்மாவும் இல்லை. நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி இப்படி முதல் நாள் இரவே தொடங்கியவை.

அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்துகிறதோ அதற்கு நேரே போங்கள். இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் முதலாவதில் தொடங்குங்கள். அது சரியானால் மிச்சத்தில் பாதி தானாகவே போய்விடும்.

## நன்றாகத் தொடங்கி, நடுவில் நின்றுவிடுகிறது

முதலில் ஒரு பரிசோதனை. “மூண்டாவது பந்தியில இருந்து சொல்லு பாப்பம்” என்று கேளுங்கள். பிள்ளை மனதுக்குள் முதல் வரியிலிருந்து ஓடி வந்துதான் மூன்றாவதைப் பிடிக்கிறது என்றால், அது பாடமாக்கியிருக்கிறது. நாமும் அப்படித்தானே. ஒரு தேவாரத்தை நடு வரியிலிருந்து சொல்லச் சொன்னால் எத்தனை பேருக்கு உடனே வரும்? ஒவ்வொரு சொல்லும் முந்தின சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. பதற்றத்தில் ஒரு கை விட்டுப்போனால் பின்னால் வருவது எல்லாம் போய்விடும்.

மட்டக்குளியிலிருந்து வரும் ஒரு பையன் எனக்கு இதைப் படிப்பித்தான். தரம் 9, புவியியல். தலைப்பு இலங்கையின் மீன்பிடித் தொழில். ‘நாட்டின் பொருளாதாரத்தில் முக்கிய பங்கு வகிக்கின்றது’ வரை தடையில்லாமல் வந்தான். கரையோர மீன்பிடி, ஆழ்கடல் மீன்பிடி என்று இரண்டு வகை சொன்னான். மூன்றாவது வகை வரவில்லை. மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான். “மிஸ், மறந்திட்டன்.”

அப்போது நான் செய்தது பிழை. “நன்னீர்” என்று அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பவும் நின்றான். இன்னொரு சொல் கொடுத்தேன். திரும்பவும் அதேதான். வகுப்பு சிரிக்கத் தொடங்கியது.

“சரி மகன், அத விடுங்க. அப்பா விடிய எத்தின மணிக்கு மீன் எடுக்கப் போவார்?”

“ரெண்டரைக்கு மிஸ். பேலியகொடை மீன் சந்தைக்கு.”

“எது நல்ல மீன் எண்டு எப்பிடித் தெரியும்?”

இடது கையை உயர்த்தி, இல்லாத மீன் ஒன்றைப் பிடித்தான். வலது கைப் பெருவிரலால் அதன் செவுளைத் திறந்தான். “உள்ளுக்கு சிவப்பா இருக்கோணும் மிஸ். கண் உள்ள போயிருக்கக் கூடாது. விரலால அமத்தினா குழி விழுந்து அப்பிடியே நிக்கக் கூடாது.” சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவன் கையைப் பார்த்தார்கள். அன்றன்றே கரைக்கு வரும் வள்ளத்து மீனும், பலநாள் கலத்தில் ஐஸுக்குள் கிடந்து வரும் மீனும் எப்படி வேறுபடும், விலை ஏன் மாறும் என்று அவனே தொடர்ந்தான். கொப்பியின் இரண்டாம் பக்கத்தில் இருந்ததும் கரையோரத்துக்கும் ஆழ்கடலுக்கும் உள்ள வித்தியாசம்தான். நன்னீர் மீன்பிடி மட்டும் கடைசிவரை வரவில்லை. அதற்குரிய புள்ளியை நான் போடவும் இல்லை.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட முறை இது. எழுதியதை ஒரு தரம் வாசித்த பிறகு கொப்பியை மூடி எடுத்து வைத்துவிடுங்கள். தபாலட்டை அளவில் ஒரு மட்டை, அதில் ஐந்தே ஐந்து சொல். வசனம் எழுத விடாதீர்கள். எழுதினால் அதையும் பாடமாக்குவார்கள். அந்த ஐந்து சொல்லை வைத்துக்கொண்டு பிள்ளை மூன்று பேருக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சமையலறையில் அம்மாவுக்கு ஒரு தரம், போனில் ஊரிலிருக்கும் அப்பம்மாவுக்கு ஒரு தரம், ஒன்றும் விளங்காத தம்பிக்கு ஒரு தரம். மூன்று முறையும் சொற்கள் ஒரே மாதிரி வரக்கூடாது. வேறு வேறாக வந்தால் விஷயம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். தம்பி கேட்கும் கேள்விதான் பெரும்பாலும் ஆசிரியர் கேட்கும் கேள்வியும்.

இரண்டே வசனம் பாடமாக்கலாம்: முதலாவது, கடைசி. முதல் வசனம் கால் நடுங்கும் நேரத்தில் வாயைத் திறக்க உதவும். கடைசி வசனம் இல்லாத பிள்ளை “அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு ஓடும்.

நின்றுபோனால் என்ன செய்வது என்றும் முன்கூட்டியே பழக்குங்கள். மட்டையைப் பார்க்கலாம். கடைசியாகச் சொன்ன வசனத்தை ஆறுதலாக இன்னொரு தரம் சொல்லலாம். அந்த மூன்று வினாடி அமைதி பிள்ளைக்குத்தான் மூன்று நிமிடம் போல் இருக்கும். கேட்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆசிரியராக இருந்தால் சொல் எடுத்துக் கொடுக்க வேண்டாம். ஒரு கேள்வி கேளுங்கள்.

## வானொலிச் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது

தமிழ்த்தினப் போட்டிக்குப் பேசிப் பழகிய பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வரும். “நடுநிலை தவறா நடுவர்களே” என்று தொடங்கி, கையை ஆட்டி, நாலாவது வசனத்தில் குரல் உச்சத்துக்குப் போயிருக்கும். முன்னால் இருப்பது ஒளித்தொகுப்பு பற்றிக் கேட்க வந்த 38 பிள்ளைகள். பேச்சுப்போட்டி நல்ல பயிற்சிதான், நானும் மேடையேறியவள்தான். ஆனாலும் முன்வைப்பில் கேட்பவருக்கு ஒரு விஷயம் விளங்க வேண்டும். கைதட்டு விழுந்தால் சரி, விழாவிட்டாலும் சரி.

அடுத்த காரணம் நமது பாடநூல் தமிழ். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. இலங்கைப் பாடநூலைத் திறந்தால் எல்லாமே ‘காணப்படுகின்றது’. மலை காணப்படுகின்றது, ஆறு காணப்படுகின்றது, வறுமையும் காணப்படுகின்றது. யார் காண்கிறார்கள் என்று தெரியாது. அந்த வசனங்களை வாயில் போட்டால் எந்தப் பிள்ளையும் செய்தி வாசிப்பவராகத்தான் மாறும்.

ஒரு சிவப்புப் பேனையை எடுத்து, கொப்பியில் உள்ள ‘காணப்படுகின்றது’, ‘மேற்கொள்ளப்படுகின்றது’, ‘வகிக்கின்றது’ எல்லாவற்றையும் வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாக, “இத அம்மாக்கு எப்பிடிச் சொல்லுவாய்?” என்று கேளுங்கள். ஒரு பிள்ளையின் கொப்பியில் இப்படி இருந்தது: ‘கொழும்பு நகரில் பல்வேறு ஈரநிலங்கள் காணப்படுகின்றன. இவை வெள்ளக் கட்டுப்பாட்டில் முக்கிய பங்கு வகிக்கின்றன.’ அரை மணித்தியாலம் இருந்து கதைத்த பிறகு அது இப்படி வந்தது: ‘கொழும்பில் பெரிய மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? கொஞ்சம் கோட்டேப் பக்கம், பெத்தகானச் சதுப்பில் போய் நிற்கும். அந்தச் சதுப்பை மூடி வீடு கட்டினால் அதே தண்ணீர் நம் வாசலுக்கு வரும். 2018இல் உலகத்தில் 18 நகரங்களுக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொடுத்தார்கள். அதில் கொழும்பும் ஒன்று.’ கொப்பியில் இருந்த விஷயம் ஒன்றும் விட்டுப்போகவில்லை. முதலாவதைக் கேட்டுவிட்டு ஒரு பிள்ளையும் தலை நிமிர்ந்து பார்க்காது.

அப்போ முழுக்கப் பேச்சுத்தமிழில் சொல்லலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். தமிழ்ப் பாடம் என்றால் ‘இருக்கிறது’, ‘வருகிறது’ என்று முடிப்பது பாதுகாப்பு. விஞ்ஞானம், வரலாறு போன்றவற்றில் நடுநடுவே ஒரு ‘இருக்கு’ விழுந்தால் நான் புள்ளி குறைத்ததில்லை. யாழ்ப்பாணப் பேச்சோ மலையகப் பேச்சோ மட்டக்களப்புப் பேச்சோ, கொழும்பு வகுப்பில் எல்லாம்தான் இருக்கும். ஒருவரின் உச்சரிப்பைத் திருத்த வெளிக்கிட்டால் அந்தப் பிள்ளை அந்தத் தவணை முழுக்க வாய் திறக்காது.

## கடைசி வாங்குக்குக் கேட்கவில்லை

கரையோரப் பக்கத்துப் பாடசாலை என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில். காலி வீதிப் பக்கம் என்றால் 100, 101 பஸ்களின் ஹோர்ன். மேலே மின்விசிறி, தட்டிக்கு அந்தப் பக்கம் அடுத்த வகுப்பு. இந்த இரைச்சலில் “சத்தமாச் சொல்லு” என்றால் பிள்ளை கத்தும்; தொண்டை இறுகி இரண்டாவது நிமிடத்தில் கரகரக்கும்.

கடைசி வாங்கில் ஒரு நண்பனை இருத்துங்கள். கேட்காதபோது அவன் பேனையை உயர்த்தட்டும். பேசும் பிள்ளை வகுப்பு முழுவதற்கும் கத்தத் தேவையில்லை, அந்த ஒருவனுக்குக் கதைத்தால் போதும். குரல் தானாக நீளும். ரயில் வந்தால் நிறுத்திவிட்டு, போன பிறகு தொடரலாம். அதற்குப் புள்ளி குறைக்கும் ஆசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று, தமிழுக்கே உரியது. நம் வசனத்தில் வினை கடைசியில் வருகிறது. பெரும்பாலான பிள்ளைகள் மூச்சு முடிகிற இடத்தில், அதாவது கடைசியில்தான், குரலை விழுத்துவார்கள். டெங்கு பற்றிப் பேசிய ஒரு பிள்ளை “டெங்கு நுளம்பு ஓடுகிற தண்ணீரில் முட்டை…” என்றாள், மிச்சம் கேட்கவில்லை. முட்டை இடுமா, இடாதா? முழு விஷயமும் அந்த விழுங்கிய சொல்லில்தான் இருந்தது. ஆகவே பயிற்சியின்போது ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லையும் சுவரில் ஆணி அடிக்கிற மாதிரிச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு கிழமை செயற்கையாக இருக்கும். பிறகு பழகிவிடும்.

## கை நடுங்குகிறது, வாய் காய்கிறது

இது நோயல்ல. ஆபத்து என்று உடம்பு நினைத்தால் அட்ரினலின் சுரக்கும்; இதயம் வேகமாக அடிக்கும், எச்சில் குறையும், கை நடுங்கும். “பயப்படாத” என்று சொல்வதால் அட்ரினலின் குறையப்போவதில்லை.

பெரிய தாளைக் கையில் கொடுக்காதீர்கள். சிறிய நடுக்கத்தையும் ஏ4 தாள் கடைசி வாங்குவரை காட்டிக்கொடுக்கும், அதன் சரசரப்பைக் கேட்டுப் பிள்ளை இன்னும் நடுங்கும். நான் மேலே சொன்ன மட்டை நடுங்கினாலும் தெரியாது. தன் முறைக்கு முன்னால் மூச்சை இழுப்பதைவிட நீளமாக விடச் சொல்லுங்கள்: நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விட வேண்டும். ஐந்தாறு தடவையில் இதயத் துடிப்பு கொஞ்சம் அடங்கும். ஒரு மிடறு தண்ணீர். அம்மாமார் கொடுத்துவிடும் இஞ்சியும் பனங்கற்கண்டும் கெடுதல் செய்யாது, ஆனால் வாயில் வைத்துக்கொண்டு பேசக்கூடாது (நடந்திருக்கிறது).

## ஐந்து நிமிடப் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிகிறது, அல்லது முடியவே மாட்டேன் என்கிறது

தமிழ்ச் சொல் நீளமானது. வேற்றுமை, காலம் எல்லாம் சொல்லோடு ஒட்டிவரும். அதனால் ஆங்கிலத்துக்குச் சொல்லும் நிமிடக் கணக்கு நமக்குப் பொருந்தாது. பிள்ளை ஒரு பக்கத்தை நின்றுகொண்டு, பெலத்து வாசிக்கட்டும். போனில் நேரம் பிடியுங்கள். அதுதான் அந்தப் பிள்ளையின் கணக்கு. மனதுக்குள் வாசித்து எடுத்த நேரத்தை நம்ப வேண்டாம். ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் நாலுக்குத் தயார் செய்யுங்கள். நேரம் போதாவிட்டால் எந்தச் சொல்லை விடுவது என்பதையும் மட்டையில் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளட்டும்.

## எண்களைச் சொன்னதும் வகுப்பு தூங்குகிறது

டெங்கு பேச்சில் எல்லோரும் 2017ஐச் சொல்வார்கள். அந்த வருடம் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. எண்ணைக் கேட்டவுடன் வகுப்பில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றாது. அப்போது ஏறத்தாழ இரண்டு கோடிப் பதினாலு லட்சம் பேர் இருந்த நாடு; அப்படிப் பார்த்தால் 115 பேரில் ஒருவர். “எங்கள் மூன்று வகுப்பையும் சேர்த்து நிறுத்தினால் அதில் ஒருவர்” என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு பேச்சுக்கு இப்படி ஒரு எண், மிஞ்சினால் இரண்டு. மிச்ச எண்களை கரும்பலகையில் எழுதிவிடலாம்.

## திரையில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் வருகிறது

இதற்காக ஒரு பாடவேளை முழுவதையும் இழந்திருக்கிறோம். அப்பாவின் ஒஃபிஸ் கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பார்கள். பாமினி பழைய முறை: உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதைத் தமிழ் போல வரைந்து காட்டுகிறது. பாடசாலைக் கணினியில் பாமினி இல்லாவிட்டால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வரும்.

நிரந்தரத் தீர்வு யுனிகோடில் தட்டச்சு செய்வது. ஏற்கெனவே பாமினியில் இருந்தால் மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றியபின் ஒரு தரம் வாசித்துப் பாருங்கள், சில எழுத்துகள் இடம் மாறும். நேரமே இல்லை என்றால் தட்டச்சு செய்த அதே கணினியில் பிடிஎஃப் ஆகச் சேமித்து, அதைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

மல்டிமீடியா, அதாவது திரையில் படம் விழுத்தும் புரொஜெக்டர், வேலை செய்யாவிட்டால்? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில் பிள்ளைகள் பெரிய டிமை தாளில் மார்க்கரால் வரைந்து கொண்டுவந்தார்கள். உண்மையைச் சொன்னால் அந்த வருட முன்வைப்புகள்தான் நன்றாக இருந்தன. திரை இருந்தால் பிள்ளை திரும்பி நின்று அதை வாசிக்கத் தொடங்கிவிடும்.

## ஆங்கிலத்தில் என்றால் வாயே திறப்பதில்லை

சிங்களத்தில் ஆங்கிலத்தைப் பகிடியாகக் ‘கடுவ’ என்பார்கள், வாள் என்று பொருள். தெரிந்தவர் தெரியாதவரை வெட்ட வைத்திருக்கும் ஆயுதம். கொழும்பு வகுப்பில் பிள்ளைகள் பயப்படுவது இலக்கணத்துக்கு அல்ல, அந்த வெட்டுக்குத்தான்; ஒரு சொல் பிழைத்தால் அது பட்டப்பெயராகி ஒரு வருடம் ஒட்டிக்கொள்ளும்.

விஷயத்தை முதலில் தமிழில் மூன்று பேருக்குச் சொல்லட்டும். அதே மட்டை, அதே ஐந்து சொல், இப்போது ஆங்கிலத்தில். குட்டி வசனங்கள் போதும். தலைப்புக்கு இன்றியமையாத ஏழெட்டுச் சொல்லின் உச்சரிப்பை மட்டும் போனில் கேட்டுச் சரிபார்க்கட்டும். ஆசிரியர்களுக்கு ஒன்று: நடுவில் திருத்தாதீர்கள். முடிந்த பிறகு, தனியாக.

## குழுவாகச் செய்தால் ஒருவரே எல்லாம் செய்கிறார்

யார் எந்தப் பகுதியைச் சொல்வது என்று முன்வைப்பு தொடங்கும்போது சீட்டுக் குலுக்குங்கள். இதை ஒரு கிழமைக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். நான் செய்தது அவ்வளவுதான், பலித்தது.

## சொல் திக்குகிறது

இது மேலே உள்ளவற்றோடு சேராது. பதற்றத்தில் தடுமாறுவது வேறு. வீட்டில், விளையாட்டில், எங்கும் முதல் எழுத்தில் சிக்கிக்கொள்வது வேறு. இரண்டாவது என்றால் “ஆறுதலாச் சொல்லு”, “மூச்செடுத்துச் சொல்லு” என்று சொல்ல வேண்டாம், வசனத்தை முடித்துக் கொடுக்கவும் வேண்டாம். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். நேர எல்லையை அந்தப் பிள்ளைக்குத் தளர்த்துங்கள். பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள் அரச வைத்தியசாலைகளிலும் இருக்கிறார்கள். ராகமையில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அதற்கென்றே பட்டப்படிப்பும் உண்டு. ‘வளர வளரச் சரியாகும்’ என்று பெற்றோர் தள்ளிப்போட்டால் ஒரு தரமாவது காட்டச் சொல்லுங்கள்.

## அன்றைக்குப் பாடசாலைக்கே வரவில்லை

முன்வைப்பு நாளில் மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளைகள் உண்டு. அது நடிப்பில்லை, உண்மையிலேயே வலிக்கும். இவர்களைத் தள்ளிவிட்டால் நீந்துவார்கள் என்று நம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

தரம் 7இல் அப்படி ஒரு பிள்ளை. முதல் தவணையில் நூலக மூலையில் எனக்கு மட்டும் சொன்னாள். இரண்டாம் தவணையில் அவளே தெரிந்தெடுத்த இரண்டு தோழிகள் கூட இருந்தார்கள். மூன்றாம் தவணையில் வகுப்பில், ஆனால் தன் கதிரையில் இருந்தபடி, கொப்பி திறந்திருக்க. அதையும் முன்வைப்பு என்றே பதிந்து புள்ளி போட்டேன். அடுத்த வருடம் முன்னால் வந்தாள். வகுப்பைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து நின்று, கடலுக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். நான் திரும்பச் சொல்லவில்லை. பின் வாங்கிலிருந்து யாரோ, “கேக்கேல்ல!” என்றார்கள். பாதி திரும்பினாள்.